டொம்கெட் 9 இல் ஓடும் வார் கோப்பு டொம்கெட் 10 இல் 404 காட்டுகிறது: மேவன் அமைப்பில் எதைத் திருத்த வேண்டும்?

வட்டக்கச்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் அமைப்புகளுக்காக நெல் கொள்வனவுப் பதிவேடு ஒன்றை ஜாவாவில் எழுதி வருகிறேன். சேர்வ்லெட் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு), ஜேஎஸ்பி (ஜாவாவின் பக்க வார்ப்புரு), மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகியவற்றைத் தவிர ஸ்பிரிங் போன்ற பெரிய சட்டகம் எதையும் பயன்படுத்தவில்லை. கமக்காரர் கொண்டு வரும் மூடைகளின் எண்ணிக்கை, நிறை, ஈரப்பதன், கொடுக்க வேண்டிய தொகை ஆகியவற்றை எழுதுவினைஞர் பதிந்தவுடன் தமிழில் ஒரு பற்றுச்சீட்டு அச்சாகி வர வேண்டும். காலபோக அறுவடை தொடங்குமுன் இதை வாடகைக்கு எடுத்த டெபியன் 12 சேவையகம் ஒன்றில் ஏற்றியாக வேண்டும்.

என் மடிக்கணினியில், ஜாவா வலை மென்பொருளை ஓட்டும் சேவையக நிரலான டொம்கெட் 9 இருக்கிறது. அங்கே எல்லாப் பக்கங்களும் திறக்கின்றன. சேவையகத்தில் டொம்கெட் 10.1 இருக்கிறது. அதே வார் கோப்பை (மென்பொருள் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய பொதி) அங்கே வைத்தால், பதிவுக் குறிப்பில் பிழை எதுவும் எழுதப்படுவதில்லை, முகப்புப் பக்கமும் படங்களும் வருகின்றன, ஆனால் சேர்வ்லெட் ஒவ்வொன்றின் முகவரியும் 404 (பக்கம் கிடைக்கவில்லை) என்றே பதில் தருகிறது.

இதைவிட வேறு மூன்று சிக்கல்களும் உண்டு. முதலாவது, பற்றுச்சீட்டுக்காக நான் சேர்த்த நோட்டோ தமிழ் எழுத்துரு, நிரலாக்கச் செயலியிலிருந்து நேரே ஓட்டும்போது சரியாக வருகிறது. கட்டுமானக் கருவியான மேவன் கட்டிய வார் கோப்பிலிருந்து ஓட்டும்போது உலாவி அந்த எழுத்துருவை ஏற்க மறுக்கிறது. இரண்டாவது, பற்றுச்சீட்டின் அடியில் 'பதிந்தவர்' என்ற இடத்தில், எவர் உள்நுழைந்திருந்தாலும் என் மடிக்கணினியின் பயனர் பெயரே அச்சாகிறது. இதற்கு என்ன காரணம் என்று எனக்குச் சற்றும் விளங்கவில்லை. மூன்றாவது, கைபேசி இணைப்பை வைத்துக்கொண்டே வேலை செய்வதால், இணைப்பு நடுவில் அறுந்தால் மேவன் அதன் பிறகு அந்த நூலகத்தைத் தரவிறக்க முயற்சிப்பதே இல்லை. 40 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வார் கோப்பைச் சேவையகத்துக்கு ஏற்றுவதும் பெரும்பாடாக இருக்கிறது.

மேவனின் அமைப்புகளை எழுதும் பொம் கோப்பின் நிலையைச் சொல்கிறேன். 'பக்கேஜிங்' என்ற இடத்தில் 'வார்' என்று இருக்கிறது. சேர்வ்லெட் ஏபிஐ 4.0.1 சார்பு நூலகமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு 'ஸ்கோப்' (நூலகம் எந்தக் கட்டத்தில் தேவை என்ற குறிப்பு) எதுவும் குறிப்பிடவில்லை. பக்கத்தின் அடியில் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் காட்டுவதற்காக, வார் கோப்பைக் கட்டும் மேவன் துணைநிரலான வார் பிளகினில் 'வெப்ரிசோர்சஸ்' பகுதியைச் சேர்த்து, வெப்ஆப் கோப்புறை முழுவதற்கும் 'பில்டரிங்' (கட்டும்போது கோப்புகளுக்குள் மதிப்புகளை இடுதல்) என்பதை இயக்கி வைத்திருக்கிறேன். அண்ணாமார், அக்காமார் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

குருமண்காடு

தம்பி, முதலில் 404 ஐப் பார்ப்போம். மற்றவை எல்லாம் சரியானாலும் இது சரியாகாமல் மென்பொருள் சேவையகத்தில் ஓடாது.

டொம்கெட் 9 இற்கும் 10 இற்கும் இடையே உள்ள வேறுபாடு வழக்கமான பதிப்பு உயர்வு அன்று. ஜாவா ஈஈ தொழில்நுட்பம் ஒராக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியபோது 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயரைத் தொடர்ந்து மாற்றி வளர்க்கும் உரிமை கிடைக்கவில்லை. ஆகவே 2020 டிசம்பரில் வெளிவந்த ஜகார்த்தா ஈஈ 9 இல், சேர்வ்லெட் உட்பட அந்தத் தொகுதியைச் சேர்ந்த வகுப்புகள் அனைத்தும் 'ஜகார்த்தா' என்று தொடங்கும் பெயர்களுக்கு மாற்றப்பட்டன. டொம்கெட் 9 பழைய பெயரை மட்டும் அறியும். டொம்கெட் 10 புதிய பெயரை மட்டும் அறியும். உங்கள் வகுப்புகளின் தலையில் இருக்கும் 'வெப்சேர்வ்லெட்' குறிப்பு பழைய பெயரில் இருப்பதால், டொம்கெட் 10 அதைத் தனக்குரிய குறிப்பாகக் கருதாமல் தாண்டிச் செல்கிறது. அந்த வகுப்பை அது ஏற்றுவதே இல்லை என்பதால் பதிவுக் குறிப்பில் பிழையும் எழுதப்படுவதில்லை. நிலையான பக்கங்கள் வருவதற்கும் சேர்வ்லெட்டுகள் மட்டும் காணாமற் போவதற்கும் இதுவே காரணம்.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வார் கோப்பை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்ற கோப்புறையில் வைத்தால், டொம்கெட் 10 தானே அதைப் புதிய பெயர்களுக்கு மாற்றி வெப்ஆப்ஸ் கோப்புறையில் இடும். மூல நிரல் கையில் இல்லாத பழைய மென்பொருளுக்கு அது ஏற்றது. நீங்களோ நிரலை இப்போதுதான் எழுதுகிறீர்கள். ஆகையால் மூலத்திலேயே மாற்றிவிடுவதுதான் முறை. சேர்வ்லெட் ஏபிஐயை ஜகார்த்தா பெயரில் உள்ள 6.0.0 ஆக மாற்றுங்கள், டொம்கெட் 10.1 இற்கு உரிய பதிப்பு அதுவே. டொம்கெட் 10.1 இற்கு ஜாவா 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நிரல் முழுவதிலும் 'ஜாவாஎக்ஸ்' என்று இருக்கும் இடங்களை எல்லாம் ஒரே கட்டளையால் 'ஜகார்த்தா' என்று மாற்றிவிடாதீர்கள். தரவுத்தள இணைப்புக்கான 'ஜாவாஎக்ஸ் எஸ்கியூஎல்', பெயர்த்தேடலுக்கான 'ஜாவாஎக்ஸ் நேமிங்', மறையாக்கத்துக்கான 'ஜாவாஎக்ஸ் கிரிப்டோ' ஆகியவை ஜாவாவுடனேயே வருபவை. அவற்றின் பெயர் மாறவில்லை. டேட்டாசோர்ஸ் வகுப்பை நீங்கள் பயன்படுத்தினால் அது பழைய பெயரிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது 'ஸ்கோப்'. சேர்வ்லெட் ஏபிஐக்கும் ஜேஎஸ்பி ஏபிஐக்கும் 'புரொவைடட்' என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் மேவன் அதை 'கொம்பைல்' என்று எடுத்துக்கொண்டு, நூலகத்தை வெப்-இன்ஃப் கோப்புறையின் லிப் பகுதிக்குள் இட்டுவிடும். சேவையகம் தன்னிடம் வைத்திருக்கும் ஒன்றை வார் கோப்புக்குள்ளும் கொண்டு செல்லக் கூடாது. ஆனால் ஜேஎஸ்பி பக்கங்களுக்கான குறிச்சொற்களைத் தரும் ஜேஎஸ்டிஎல் நூலகத்தை டொம்கெட் தருவதில்லை. அதை நீங்கள்தான் கொண்டு செல்ல வேண்டும், அதுவும் ஜகார்த்தா பெயரில் உள்ள பதிப்பாக இருக்க வேண்டும். பலர் இந்த இரண்டையும் ஒரே வகையாக எண்ணி எல்லாவற்றுக்கும் 'புரொவைடட்' போட்டுவிட்டு, பிறகு ஜேஎஸ்பி பக்கம் திறக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மடிக்கணினியிலும் டொம்கெட் 10.1 ஐயே நிறுவிக்கொள்ளுங்கள். சேவையகத்தில் எது ஓடுகிறதோ அதே பதிப்பில் சோதிக்காத வார் கோப்பைச் சோதித்ததாகக் கொள்ள முடியாது. ஜாவாவுக்கும் இதே விதிதான். சேவையகத்தில் ஜாவா 17 இருந்தால், பொம் கோப்பின் பண்புகளில் 'மேவன் கொம்பைலர் ரிலீஸ்' என்பதற்கு 17 என்று கொடுங்கள். மடிக்கணினியில் ஜாவா 21 இருந்தாலும் பரவாயில்லை. கட்டப்படும் வகுப்புகள் 17 இல் ஓடக்கூடியவையாகவே இருக்கும்.

முள்ளியவளை

எழுத்துருச் சிக்கலும் 'பதிந்தவர்' சிக்கலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டுக்கும் காரணம் வெப்ஆப் கோப்புறை முழுவதற்கும் இயக்கப்பட்ட பில்டரிங்தான்.

பில்டரிங் இயக்கப்பட்ட கோப்பு ஒவ்வொன்றையும் மேவன் உரைக் கோப்பாகத் திறந்து, டொலர் குறியும் வளைவு அடைப்பும் கொண்ட இடங்களைத் தேடி, தனக்குத் தெரிந்த பண்புகளின் மதிப்பை அங்கே இட்டு, மீண்டும் உரையாக எழுதுகிறது. படக் கோப்புகளில் ஜேபெக், ஜிஃப், பிஎன்ஜி போன்ற சிலவற்றை அது தானாகவே விலக்கிவிடும். எழுத்துருக் கோப்புகளை அவ்வாறு விலக்குவதில்லை. எழுத்துரு ஓர் இருமக் கோப்பு. அதை யுடிஎஃப்-8 உரை என்று எண்ணி வாசிக்கும்போது, பொருந்தாத பைட் ஒவ்வொன்றின் இடத்திலும் மாற்றுக்குறி ஒன்று வைக்கப்படுகிறது; அந்தக் குறியை எழுத 3 பைட்டுகள் தேவை. ஆகவே கோப்பு கெடுவதோடு பெரிதாகவும் ஆகிறது. மூலக் கோப்புறையில் உள்ள எழுத்துருவின் அளவையும் டார்கெட் கோப்புறையில் உள்ளதன் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் ஐயமே வேண்டாம். உங்கள் படங்கள் தப்பி எழுத்துரு மட்டும் கெட்டதற்கும் இதுவே விளக்கம்.

இனி 'பதிந்தவர்'. உங்கள் ஜேஎஸ்பியில் அந்த இடத்தில் 'யூசர் புள்ளி நேம்' என்ற கோவை இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஜேஎஸ்பியின் கோவை மொழியும் மேவனின் பில்டரிங்கும் ஒரே டொலர்-வளைவு அடைப்பு வடிவத்தையே பயன்படுத்துகின்றன. 'யூசர் புள்ளி நேம்' என்பது ஜாவாவின் கணினிப் பண்புகளில் ஒன்று; மென்பொருளைக் கட்டும் கணினியில் உள்நுழைந்திருப்பவரின் பெயர் அது. உள்நுழைந்த எழுதுவினைஞரின் பெயரை ஓடும் நேரத்தில் ஜேஎஸ்பி தேட வேண்டிய இடத்தில், கட்டும் நேரத்திலேயே மேவன் உங்கள் கணினியின் பெயரை எழுதி முடித்துவிடுகிறது. டார்கெட் கோப்புறைக்குள் அந்த ஜேஎஸ்பியைத் திறந்து பார்த்தால் உங்கள் பெயர் வெறும் எழுத்தாகவே நிற்கும். பணம் கொடுத்ததற்குச் சான்றாக நிற்கும் பற்றுச்சீட்டில் பொறுப்பாளரின் பெயர் மாறி வருவது சிறிய பிழை அன்று. அறுவடைக்கு முன்னரே அது கண்ணில் பட்டது நல்லதாயிற்று.

நொன்பில்டர்ட் என்று தொடங்கும் அமைப்பில் எழுத்துரு நீட்சிகளைச் சேர்த்தால் முதற்சிக்கல் தீரும். ஆனால் ஜேஎஸ்பிச் சிக்கல் அப்படியே இருக்கும். எனவே வெப்ஆப் கோப்புறையில் பில்டரிங்கை முற்றாக நீக்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. பதிப்பு எண்ணுக்காக, 'ரிசோர்சஸ்-பில்டர்ட்' என்ற பெயரில் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதில் ஒரேயொரு புரொப்பர்ட்டீஸ் கோப்பை வைத்து, அந்தக் கோப்புறைக்கு மட்டும் பில்டரிங்கை இயக்குங்கள். மென்பொருள் தொடங்கும்போது அந்தக் கோப்பை வாசித்துப் பதிப்பு எண்ணைப் பக்கத்துக்குக் கொடுக்கட்டும். வழமையான ரிசோர்சஸ் கோப்புறையையும் பொம் கோப்பில் மறவாமல் எழுதுங்கள். 'ரிசோர்சஸ்' பகுதியை நாமே எழுதத் தொடங்கினால் இயல்பாக இருந்த கோப்புறை தானாகச் சேர்க்கப்படாது.

தமிழ் எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். பொம் கோப்பில் 'புரொஜெக்ட் பில்ட் சோர்ஸ்என்கோடிங்' என்ற பண்புக்கு யுடிஎஃப்-8 என்று கொடுத்திருக்கிறீர்களா? லினக்ஸ் மடிக்கணினியில் அது இல்லாமலும் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். வேறொருவர் ஜாவா 17 உள்ள விண்டோஸ் கணினியில் இதைக் கட்டினால், நிரலுக்குள் இருக்கும் தமிழ்ச் சொற்கள் பொருளற்ற இலத்தீன் குறிகளாக மாறிவிடும். ஜாவா 18 இலிருந்துதான் எல்லா இயங்குதளங்களிலும் யுடிஎஃப்-8 இயல்புநிலை ஆயிற்று. பதிப்பு எண்ணை வாசிக்கும் புரொப்பர்ட்டீஸ் கோப்பில் தமிழ் இருந்தால், இன்புட்ஸ்ட்ரீம் வழியாக வாசிக்காமல் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட ரீடர் வழியாக வாசியுங்கள். முன்னையது இன்றும் ஐஎஸ்ஓ 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும்.

வட்டக்கச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. ஜகார்த்தா பெயர்களுக்கு மாற்றி, 'புரொவைடட்' என்றும் குறிப்பிட்டபின் சேவையகத்தில் சேர்வ்லெட்டுகள் அனைத்தும் பதில் தருகின்றன. முள்ளியவளை அக்கா ஊகித்தது அப்படியே உண்மை. டார்கெட் கோப்புறையில் இருந்த ஜேஎஸ்பியில் என் பயனர் பெயர் எழுத்தாகவே நின்றது, எழுத்துருக் கோப்பும் மூலத்தைவிடப் பெரிதாக இருந்தது. பில்டரிங்கைத் தனிக் கோப்புறைக்கு மாற்றியதும் இரண்டும் தீர்ந்தன.

இணைப்புச் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்றும் நூலகம் ஒன்று பாதியில் நின்றது. இணைப்பு மீண்ட பின்னரும், முன்னைய தோல்வி பதிந்து வைக்கப்பட்டிருப்பதால் மறுபடி முயற்சிக்கப்படமாட்டாது என்று மேவன் சொல்கிறது.

மாங்குளம்

மேவன் நூலகங்களை உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள 'புள்ளி எம்2' கோப்புறையின் ரிப்போசிட்டரிப் பகுதியில் சேமிக்கிறது. தரவிறக்கம் தோற்றால், அந்த நூலகத்தின் இடத்தில் 'லாஸ்ட்அப்டேட்டட்' என்று முடியும் சிறிய கோப்பு ஒன்றை எழுதி வைத்து, குறித்த காலம் கழியும்வரை மீண்டும் கேட்பதில்லை. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இது மத்திய களஞ்சியத்துக்குத் தேவையற்ற சுமை கொடுக்காமலிருக்க உதவும். இணைப்பு விட்டுவிட்டு வரும் நம் பக்கத்தில் அது தடையாகிறது. கட்டளையுடன் 'கழித்தல் குறி, பெரிய யு' சேர்த்து ஓட்டினால் தோல்விகளை மறந்து மீண்டும் முயற்சிக்கும். அதற்கும் மசியாவிட்டால் அந்தச் சிறிய கோப்புகளை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது அதற்கும் மேல் ஒன்று. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது, அல்லது அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கும் நண்பர் எவரிடமாவது நல்ல இணைப்பு கிடைக்கும்போது, தேவையான அனைத்தையும் ஒரே தடவையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று 'டிப்பென்டென்சி கோ-ஒஃப்லைன்' என்ற கட்டளை இருக்கிறது. எனினும் அதை மட்டும் நம்பி வீடு திரும்ப வேண்டாம். சில பிளகின்கள் தமக்குத் தேவையானவற்றை ஓடும்போதுதான் தீர்மானிக்கின்றன. சோதனைகளை ஓட்டும் ஷூர்ஃபயர் பிளகின் அவற்றில் ஒன்று. நீங்கள் சோதனை நூலகமான ஜேயுனிட்டின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்த பிறகே அதற்குரிய பகுதியைத் தேடும். ஆகவே இணைப்பு இருக்கும் இடத்திலேயே, சோதனைகளையும் சேர்த்து 'கிளீன் வெரிஃபை' முழுவதையும் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு இணைப்பை அணைத்துவிட்டு, 'கழித்தல் குறி, சிறிய ஓ' சேர்த்து மீண்டும் கட்டிப் பாருங்கள். அங்கே கட்டி முடிந்தால் வட்டக்கச்சியிலும் முடியும். பொம் கோப்பில் வார் பிளகின் உட்பட எல்லாப் பிளகின்களுக்கும் பதிப்பு எண்ணை எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் மேவனின் பதிப்பு மாறும்போது பிளகின்களும் மாறக்கூடும். இறக்கி வைத்தது பயன்படாமற் போகும்.

பழைய வழிகாட்டி எதையாவது பார்த்து, களஞ்சிய முகவரியை 'எச்டிடிபி' என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். 2020 ஜனவரி 15 முதல் மத்திய களஞ்சியம் பாதுகாப்பான 'எச்டிடிபிஎஸ்' முகவரிக்கு மட்டுமே பதில் தருகிறது.

வார் கோப்பை ஏற்றும் விடயத்தில், 40 மெகாபைட்டில் உங்கள் சொந்த நிரல் மிகச் சிறிய பங்குதான். மிகுதி எல்லாம் லிப் பகுதியில் உள்ள நூலகங்கள். அவை அன்றாடம் மாறுவதில்லை. எனவே முழுக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவது வீண். மேவன் வார் கோப்பைக் கட்டும்போது, அதன் உள்ளடக்கத்தை டார்கெட் கோப்புறையில் விரித்த வடிவிலும் வைத்திருக்கிறது. அந்தக் கோப்புறையை 'ஆர்சிங்க்' கட்டளையால் சேவையகத்தில் உள்ள ஒரு தனிக் கோப்புறைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டலிலும் கோப்புகளின் நேரம் மாறக்கூடும் என்பதால் 'செக்சம்' தெரிவையும், நீக்கிய கோப்புகள் அங்கே தங்காதிருக்க 'டிலீட்' தெரிவையும் சேருங்கள். முதன்முறை முழுவதும் போகும். அடுத்த முறையிலிருந்து மாறிய வகுப்புகளும் பக்கங்களும் மட்டும் போகும். இணைப்பு அறுந்தாலும், போய்ச் சேர்ந்த கோப்புகளை மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை.

அனுப்பும் இடம் டொம்கெட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறையாக இருக்கவே கூடாது. டொம்கெட் இயல்பாக 10 செக்கனுக்கு ஒருமுறை அந்தக் கோப்புறையைப் பார்த்து, புதிதாக வந்ததை உடனே இயக்க முற்படும். பாதி வந்த கோப்பையும் அவ்வாறே விரித்து, அது பழுதான கோப்பு என்று பிழை காட்டும். தனிக் கோப்புறைக்கு எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, சேவையகத்திலேயே 'ஜார்' கட்டளையால் வார் கோப்பாகக் கட்டி, அதே வட்டில் 'எம்வி' கட்டளையால் வெப்ஆப்ஸுக்குள் நகர்த்துங்கள். ஒரே வட்டுக்குள் நகர்த்தும்போது கோப்பு முழுமையாகவே அங்கே தோன்றும்.

அளவைக் குறைக்கவும் வழி உண்டு. 'டிப்பென்டென்சி ட்ரீ' என்ற கட்டளை, எந்த நூலகம் எதன் மூலம் உள்ளே வந்தது என்று கிளைகிளையாகக் காட்டும். ஜேயுனிட் போன்றவற்றுக்கு 'டெஸ்ட்' என்ற ஸ்கோப் இருக்கிறதா என்று அங்கே பாருங்கள். 'டிப்பென்டென்சி அனலைஸ்' பயன்படாதவை என்று சிலவற்றைப் பட்டியலிடும்; அது சொல்வதை எல்லாம் நீக்கிவிட வேண்டாம். நிரலில் நேரடியாகக் குறிப்பிடப்படாமல் ஓடும் நேரத்தில் மட்டும் தேவைப்படும் மைஎஸ்கியூஎல் இணைப்பியையும் அது பயன்படாதது என்றே சொல்லும்.

வட்டக்கச்சி

மாங்குளம் அண்ணா சொன்னபடி இணைப்பை அணைத்துக் கட்டிப் பார்த்தேன். ஷூர்ஃபயரின் ஒரு பகுதி இல்லாமல் முதலில் நின்றது, சோதனைகளையும் சேர்த்து ஓட்டிய பிறகு சரியாயிற்று. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மடிக்கணினிக்கு ஒரு தரவுத்தளக் கடவுச்சொல், சேவையகத்துக்கு வேறொன்று. மேவனில் 'புரொஃபைல்' (கட்டும்போது தெரிவு செய்யும் அமைப்புத் தொகுதி) இரண்டு அமைத்து, இரண்டு வார் கோப்புகளைக் கட்டலாமா?

குருமண்காடு

மேவனில் அப்படிச் செய்ய முடியும். ஆனால் நான் அதை விரும்பமாட்டேன். புரொஃபைல் மாற்றிக் கட்டினால், நீங்கள் மடிக்கணினியில் சோதித்த வார் கோப்பும் சேவையகத்துக்குப் போகும் வார் கோப்பும் வெவ்வேறு ஆகிவிடும். கடவுச்சொல்லும் வார் கோப்புக்குள்ளும், பெரும்பாலும் நிரலின் களஞ்சியத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். கமக்காரரின் பெயரும் அவர் பெற்ற தொகையும் இருக்கும் தரவுத்தளத்துக்கு அது பொருந்தாது.

ஒரே வார் கோப்பைக் கட்டுங்கள். தரவுத்தள இணைப்பை டொம்கெட்டிடம் ஒப்படையுங்கள். டொம்கெட்டின் கொன்ஃப் கோப்புறைக்குள் கற்றலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்ற கோப்புறை இருக்கிறது. உங்கள் வார் கோப்பின் பெயரிலேயே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை அங்கே வைத்து, அதில் 'ரிசோர்ஸ்' ஒன்றை அறிவித்து, முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எழுதுங்கள். நிரல் அந்த ரிசோர்ஸின் பெயரை மட்டும் அறிந்திருந்தால் போதும். முன்னர் சொன்ன 'ஜாவாஎக்ஸ் நேமிங்' மூலம் அதைப் பெற்றுக்கொள்ளும். மடிக்கணினியின் டொம்கெட்டிலும் இதே பெயரில் ஒரு கோப்பை வைத்து, அதற்குரிய கடவுச்சொல்லை எழுதுங்கள். சேவையகத்தில் அந்தக் கோப்பை டொம்கெட் ஓடும் பயனர் மட்டும் வாசிக்கும்படி அனுமதியைக் குறையுங்கள்.

இணைப்பை டொம்கெட்டே திறக்கப்போவதால், மைஎஸ்கியூஎல் இணைப்பியை டொம்கெட்டின் லிப் கோப்புறையில் வைத்துவிட்டு, பொம் கோப்பில் அதற்கும் 'புரொவைடட்' என்று மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் வைக்க வேண்டாம். வார் கோப்பின் பெயரில் பதிப்பு எண் ஒட்டிக்கொண்டு முகவரியும் ஒவ்வொரு முறையும் மாறாமலிருக்க, பொம் கோப்பின் 'ஃபைனல்நேம்' என்ற இடத்தில் 'நெல்' என்பதற்கு இணையான ஒரு குறுகிய இலத்தீன் எழுத்துப் பெயரைக் கொடுங்கள். சேவையகத்தில் வேறு மென்பொருள் இல்லை என்றால் பெரிய எழுத்தில் 'ரூட்' என்றே கொடுக்கலாம். அப்போது எழுதுவினைஞர்கள் தளத்தின் பெயரை மட்டும் தட்டினாலே பதிவேடு திறக்கும், எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரும் 'ரூட்' ஆக வேண்டும். டெபியன் வைத்திருக்கும் இயல்பான 'ரூட்' கோப்புறையை முதலில் நீக்கிவிட்டு உங்கள் கோப்பை நகர்த்துங்கள்.